கொடிக்கம்பியில் ஏறிய பாட்டு

கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது, நான் அடுப்படியில் இருந்தேன். தொந்தரவு இவ்வளவுதான். இதை இவ்வளவோடு விட்டிருந்தால், கொல்லிமலையில் கொஞ்ச நாள் டீச்சராக இருந்தேன், மாற்றல் வந்தது, இறங்கி வந்தேன் என்று ஒரே வரியில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் எனக்கு எதையும் அப்படியே விடத் தெரியாது. ஒரு ஜன்னல் கிறீச்சிட்டால் அதற்கு எண்ணெய் போடும்வரை சாப்பாடு இறங்காது. இந்தக் குணத்தைப் பற்றி எனக்கு அப்போது பெருமை வேறு.

இரண்டாயிரத்தைத் தாண்டி ஓரிரு வருடம் ஆகியிருந்தது. மலையில் பெரக்கரை நாடு என்கிற பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எனக்கு வேலை; அங்கே ஊர்க்கூட்டங்களை நாடு என்பார்கள். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கணவருக்கு நாமக்கல்லில் வேலை. வாரக் கடைசியில், வளைவுகள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வருவார். மற்ற நாட்களில் நான் ஒருத்திதான் அந்த வீட்டில். கேள்வித்தாள் அடிக்க என்று சொல்லித்தான் கம்ப்யூட்டர் வாங்கினேன். உண்மையில் பாட்டுக் கேட்கத்தான் வாங்கினேன். ஒரே ஒரு சி.டி.யில் நூறு பாட்டுக்கு மேல் அடங்கும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

வீடு வாடகை வீடு. நீளமாகக் கட்டியது. முன்னறை, நடுவில் ஓர் அறை, கடைசியில் அடுப்படி, அதற்கும் பின்னால் துவைக்கிற கல். கம்ப்யூட்டரோடு வந்த ஸ்பீக்கர்களின் சத்தம் நடு அறைக்கு வருவதற்குள் தேய்ந்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்று இரையும். முதலில் ஒயரை நீட்டிப் பார்த்தேன். இரண்டு கதவுகளை மூட முடியாமல் போயிற்று. மூடாத கதவு வழியாகப் பனி உள்ளே வந்து, ஜாடியில் இருந்த உப்பு தண்ணீர் விட்டது. பத்தாவது நாள் எலி ஒயரைக் கடித்து அந்தக் கதையை முடித்து வைத்தது.

அடுத்து என் கணவர் யாரிடமோ சொல்லி ஒயர் இல்லாத ஹெட்போன் ஒன்று வரவழைத்தார். அதற்கு ஒரு சின்ன மேடை. அதில் சிவப்புக் கண்கள் போல நான்கைந்து விளக்குகள். அந்த விளக்கும் என் தலையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால்தான் பாட்டு கேட்கும். அடுப்பைப் பார்த்துத் திரும்பினால் நின்றுவிடும். நான் அடுப்படி வாசல்படியில் நின்றபடி, முன்னறையைப் பார்த்துக்கொண்டே பின்னால் கையை நீட்டிக் குழம்பைக் கிண்டினேன். ஈர முடிமேல் மாட்டியதில் காது வேறு அரித்தது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாமல் ஒரு நாள் சாதம் அடிப்பிடித்து, அதோடு ஹெட்போன் பீரோவுக்குள் போனது.

அப்புறம்தான் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் பாய் கடைக்குப் போனேன். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்க மாட்டார். முதலில் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பார். சுவர் கல்லா, செங்கல்லா, கூரை ஓடா, தகரமா, அடுப்படியில் எத்தனை பிளக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பொறுமை இழந்து, "பாய், நான் கம்பி இல்லாம பாட்டுக் கேக்கணும், அவ்வளவுதான்" என்றேன்.

"கேக்கலாமுங்க. எப்படிக் கேக்கறதுன்னுதான் கேக்கறேன்" என்றார்.

இரண்டு வழிகளை மேஜைமேல் வைத்தார். முதலாவது ஒரு ஜோடிப் பெட்டி. ஒன்று அனுப்பும், ஒன்று வாங்கும். சத்தம் சுத்தமாக இருக்கும். ஆனால் பாட்டுக் கேட்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெட்டி, ஒரு ஸ்பீக்கர், ஒரு பிளக் வேண்டும். என் அடுப்படியில் இருந்தது ஒரே பிளக், அதில் மிக்சி குடியிருந்தது. இரண்டாவது, அவரே பற்றவைத்த ஒரு குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். தீப்பெட்டி அளவு இருக்கும். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் செருகும் துளையில் இதைச் செருகிவிட்டால், பாட்டு ஒரு வானொலி நிலையம் மாதிரி காற்றில் போகும். வீட்டில் இருக்கிற சாதாரண ரேடியோவிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

"இது போதும் பாய்" என்றேன்.

"போதுமுங்க. ஆனா ஒண்ணு. அந்தப் பெட்டியில கேட்டா கேக்கறது ஆருன்னு உங்களுக்குத் தெரியும். இதுல எத்தன ரேடியோ இருக்குதோ அத்தனையிலயும் கேக்கும். கேக்கறவங்க ஆருன்னு உங்களுக்குத் தெரியாது. ஊட்டுக்குள்ள மட்டும் வெச்சுக்குங்க டீச்சர். ஏரியல நீட்டிராதீங்க."

தலையை ஆட்டினேன். வகுப்பில் பிள்ளைகள் என் பேச்சுக்குத் தலையாட்டுகிற மாதிரிதான்.

அன்று சாயங்காலம் அடுப்படி ரேடியோவில் என் கம்ப்யூட்டர் பாடியது. ஒரு கம்பியும் இல்லை. நான் கடுகு தாளித்துக்கொண்டே அழுதேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் கண் கலங்கியது உண்மை. துவைக்கிற கல்லருகே மட்டும் பாட்டு விட்டுவிட்டு வந்தது. என்னால் எதையும் விட முடியாது என்று முன்பே சொன்னேன். மறுநாளே ஏரியல் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, துணி காயப்போடும் கொடிக்கம்பியில் முறுக்கிவிட்டேன். கொடிக்கம்பி வீட்டு மூலையிலிருந்து சரிவில் நின்ற பலாமரம் வரை போகிறது. பாட்டும் அதோடு போயிற்று.

அந்தப் பலாமரத்துக்குக் கீழ்ப்பக்கம்தான் வீட்டுக்காரர்களின் வீடு. ஒரே தோட்டம், நான் மேல் மேட்டில், அவர்கள் கீழ் மேட்டில். காபி, மிளகு, கொஞ்சம் சாமை, இரண்டு மாடு. வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். என்னைவிட ஐந்தாறு வயது கூட. கல்யாண வயதில் ஒரு மகள். நான் தனியாக இருக்கிறேன் என்பது என்னைவிட அவளுக்குப் பெரிய கவலை. வாரத்தில் மூன்று நாள், ஒரு தூக்குப்போசியில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வருவாள். சாமைச்சோறு, அவரைக் குழம்பு, களி, கீரை.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு வந்த போசியைக் கழுவி வெறுமனே திருப்பக் கூடாது. எதையாவது போட்டுத்தான் தர வேண்டும். நானும் போடுவேன். ஒரு கைச் சர்க்கரை, ஊரிலிருந்து வந்த முறுக்கு, ஒரு தடவை சந்தன சோப்பு. சோப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "இத்தன வாசமா இருக்குதே, மகளுக்கு எடுத்து வெக்கறேனுங்க" என்றாள். அதை நான் எதற்குப் போட்டேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். கையைக் கழுவு என்று அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாயில்லை, அதனால் போட்டேன்.

அவள் கொண்டுவந்த எதையும் நான் சாப்பிட்டதில்லை. ஒரு வாய்கூட இல்லை. அவள் சரிவில் இறங்கி மறைந்ததும், வீட்டின் மறுபக்கம் போய்க் காபிச் செடிக்கு அடியில் கொட்டிவிட்டு இலையால் மூடிவிடுவேன். போசியைக் கழுவுவேன். மறுநாள், "நல்லா இருந்துச்சுக்கா" என்பேன். இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்காது.

ஒரு நாள் போசி வாங்க வந்தவள், அடுப்படியில் பாட்டுக் கேட்டு நின்றுவிட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, ரேடியோவுல இப்ப பாட்டு வார நேரமில்லீங்களே."

"இது என் கம்ப்யூட்டர்ல இருந்து வருதுக்கா."

அவள் முன்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், திரும்ப வந்து ரேடியோவைப் பார்த்தாள். "நடுவுல ஒண்ணுமே காணமுங்க" என்றாள். பிறகு சின்னப் பெண் மாதிரி கேட்டாள், "அப்ப எங்கூட்டுக்கும் வருமுங்களா?"

வரும் என்று காட்டுவதில் எனக்கு இருந்த ஆசைக்கு அளவே இல்லை. செல் போட்டு ஓடுகிற என் பழைய ரேடியோவைக் கொடுத்தேன். முள் எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிவதற்காக, கண்ணாடிமேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். கீழே போய்த் திருப்பினாள். சற்று நேரத்தில் பலாமரத்துக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "வாருதுங்கோ." என் வாழ்க்கையில் நான் கொடுத்த பரிசுகளிலேயே அத்தனை சந்தோஷமாக வாங்கிக்கொள்ளப்பட்டது அதுதான்.

அதற்குப் பிறகு நான் ஒரு வானொலி நிலையம். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் பாட்டுப் போடுவேன், கீழேயும் பாடும். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் செய்யுளைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டருக்கு மைக் ஒன்று வாங்கியிருந்தேன். அதைப் பாட்டோடு சேர்த்து விட முடியும் என்று கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் சத்தத்துக்கான கட்டம் ஒன்று வரும். அதில் மைக்குக்கு நேராக ஒரு சின்னச் சதுரம். சதுரத்தில் குறி இருந்தால் மைக் ஊமை. குறியை எடுத்துவிட்டால் அறையில் பேசுவதெல்லாம் காற்றில் போகும். தண்ணீர்த் தொட்டி என் வீட்டுப் பக்கம் இருந்தது. தண்ணீர் வந்ததும் குறியை எடுத்துவிட்டு, "அக்கா, தண்ணி வந்திருச்சு, குழாயத் திறங்க" என்பேன். கீழேயிருந்து "ஆகட்டுமுங்க" என்று வெறும் வாயால் பதில் வரும். மறுபடி குறி போட்டுவிடுவேன். இப்படியே பல மாதம் ஓடியது.

அக்காவின் மகளுக்குத் தேவனூர் நாட்டில் மாப்பிள்ளை அமைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு சாப்பிட்டுப் போவார்கள். நான்கு நாள் முன்னதாகவே அக்கா வந்து சொன்னாள்.

"டீச்சரம்மா வந்து மொத எலையில ஒக்காந்தாத்தான் பந்தி. அவங்ககிட்டயும் சொல்லி உட்டுட்டனுங்க. பள்ளிக்கூடத்து டீச்சரு எங்க ஊட்டுல மனுசியாட்டம் இருக்கறாங்கன்னு."

"கண்டிப்பா வரேன்கா."

"பாட்டும் போட்டு உடுங்க. அவங்க ஊருல இதெல்லாம் இல்லீங்க."

ஞாயிறு காலை பாட்டுப் போட்டேன். கீழே வாசலில் பந்தல், பாய்கள், ஆட்கள் வந்து உட்காரும் சலசலப்பு. ரேடியோவை உரலின்மேல் தூக்கி வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மைக்கின் குறியை எடுத்துவிட்டு, "தேவனூர் நாட்டிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரை வருக வருக என்று வரவேற்கிறோம்" என்று மேடைக் குரலில் அறிவித்தேன். கீழே கைதட்டினார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்து சேர்ந்தார். சனிக்கிழமை வேலை இருந்ததால் அந்த வாரம் ஞாயிறு காலைப் பஸ்ஸில் வந்தார். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அவர் வளைவுகளைத் திட்டிக்கொண்டே முன்னறை நாற்காலியில் சாய்ந்தார். பாட்டு கம்ப்யூட்டரிலிருந்து நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போவதால் முன்னறையில் எந்தச் சத்தமும் இருக்காது. அடுப்படி ரேடியோவை அவர் வந்ததும் நிறுத்திவிட்டேன், பஸ்ஸில் வந்த தலைக்குப் பாட்டு ஆகாது என்று. போட்டிருந்த பாட்டுகளும் அதற்குள் முடிந்திருந்தன. அந்தச் சதுரத்தில் குறி போடவில்லை என்பதைச் சொல்ல அந்த அறையில் ஒன்றுமே இல்லை. மைக் மானிட்டருக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், நின்றுகொண்டிருந்தது.

"பசிக்குது. கீழ எத்தனை மணிக்குச் சாப்பாடு?" என்றார் அவர்.

நான் என்ன சொன்னேன் என்பதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். மறந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை, இத்தனை வருடத்தில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"அங்க யாரு சாப்பிடறது? அந்தம்மா நகத்தைப் பாத்திருக்கீங்களா? சாணி அள்ளின கையாலதான் களி உருட்டுவாங்க. ரெண்டு வருஷமா கொண்டுவந்து கொட்டறாங்க, நானும் வாங்கி வாங்கிக் காபிச் செடிக்குத்தான் போடறேன். செடிதான் கொழுத்திருக்கு. ஒரு சோப்புகூடக் குடுத்துப் பாத்தேன். அதுக்கும் அறிவு வேணுமே. இப்ப போய் மொத இலையில உக்காந்து நாலு பேருக்கு முன்னாடி வாயில வைக்கணுமாம். நமக்குத் தலைவலின்னு சொல்லிடலாம்."

அவர், "பாவம், அப்படிச் சொல்லாத" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார். நானும் சிரித்தேன். "அதுங்களுக்கு என்ன தெரியப்போகுது" என்றேன்.

நான் வழக்கமாக மக்களை அஃறிணையில் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன்.

கீழே ஓசை அடங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒருவேளை வெற்றிலை மாற்றுகிறார்களோ என்று நினைத்தேன். சற்று நேரத்தில் சரிவில் காலடி கேட்டது. வாசலில் அக்கா நின்றாள். புதுப் புடவை. தலையில் கதம்பம். மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. என் கணவரைப் பார்த்து, "வாங்கோ சார், எப்ப வந்தீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, உங்களுக்குத் தலவலின்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. நீங்க படுத்துக்குங்க."

நான் தலைவலியைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த உலகத்தில் அதை என் கணவர் ஒருவரிடம் மட்டும், அந்த அறைக்குள், ஐந்து நிமிடம் முன்னால் சொல்லியிருந்தேன்.

"அந்த மைக்கை மட்டும் அணைச்சுப்போடுங்க சாமி" என்றாள். "வந்தவங்க பசியா ஒக்காந்திருக்கறாங்க. பாட்டு ஒண்ணு போட்டு உட்டீங்கன்னா பந்தி வெச்சுருவோம்."

குரலில் கோபம் இல்லை. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன், எனக்கு வாய் நீளம். அவள் திட்டவில்லை. தன் மகளின் நிச்சயத்தன்று, சம்பந்திகள் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவள், என் மானத்தைக் காப்பாற்ற நானே நினைத்த பொய்யை நான் சொல்வதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் இறங்கிப் போனதும் கம்ப்யூட்டரிடம் போனேன். குறி போட்டேன். பாட்டுப் போட்டேன். கீழே பாடிற்று. இலை விரிக்கும் சத்தம் கேட்டது.

நான் போகவில்லை. இறங்கிப் போய் அத்தனை பேர் முன்னால் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னபடி படுத்துக்கொண்டேன், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு. என் கணவர் மட்டும் போனார். அவரை முதல் இலையில் உட்கார வைத்தார்களாம். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளையோட அப்பா, டீச்சருக்குத் தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டார். எல்லாரும் கேட்டாங்க. ஒருத்தர்கூட வேற எதுவும் பேசல." பிறகு, "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார்.

நிச்சயம் நடந்தது, பிறகு கல்யாணமும் நடந்தது. அதில் என்னால் ஏதும் முறியவில்லை என்பதே எனக்கு இன்றுவரை இருக்கிற ஒரே ஆறுதல்.

சுத்தத்துக்காகத்தான் அப்படி இருந்தேன் என்று நாலைந்து நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அடுத்த முறை சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாங்கித் தின்றுகொண்டிருக்கும்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. பஜ்ஜி போட்டவர் தோள் துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, அதே கையால் மாவைக் கலக்கினார். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் தின்றேன். அவர் நகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அப்படியானால் அக்காவின் கையில் நான் பார்த்தது அழுக்கை இல்லை. அவள் மலைக்காரி என்பதைப் பார்த்தேன், அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்திருந்தேன். பஜ்ஜியைக் கீழே போட்டுவிட்டு நின்றேன், அதனால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி ஹெட்போனோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மைக்கை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். ஒரு வாரம் போனது. தண்ணீர் வந்தால் நானே நடந்துபோய்ச் சொல்ல வேண்டியிருந்ததால், சொல்லாமல் இருந்தேன். எட்டாம் நாள் அக்காவே வந்தாள்.

"பாட்டு வரமாட்டேங்குதுங்களே டீச்சரம்மா. செல்லு தீந்துபோச்சான்னு மாத்திக்கூடப் பாத்தனுங்க."

"அக்கா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"பொழுதுக்கும் ஊடு வெறிச்சுனு இருக்குதுங்க. போட்டு உடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

போட்டேன். ஆனால் ஏரியலைக் கொடியிலேயேதான் விட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அவளுக்குக் கேட்காது. பாட்டுப் போடுவதற்கு முன் திரையில் அந்தச் சதுரத்தை மூன்று தரம் பார்ப்பேன். மைக் அரிசிக்குள் கிடக்கிறது என்று தெரிந்தும் பார்ப்பேன்.

அக்கா பழையபடி மேட்டில் ஏறி வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம், கோழி முட்டை நாலு, முழு அன்னாசி, அறுக்காத பலாப்பழம் என்று கொண்டுவருவாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து மனம் லேசானது. மூன்றாவது வாரமோ என்னவோ, முட்டையை உடைக்கும்போதுதான் உறைத்தது. தூக்குப்போசி வரவே இல்லை. அவள் கொண்டுவந்ததெல்லாம் தோலோடு, ஓட்டோடு இருந்தவை. அவள் கை உள்ளே படாதவை. நான் இனிமேல் எதையும் கொட்ட வேண்டியதில்லை என்று அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவந்திருக்கிறாள். உடைத்த முட்டையை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அந்தத் தோலுள்ள பண்டங்களையெல்லாம் சாப்பிட்டேன். வெட்கத்தோடு சாப்பிட்டேன். திருப்பித்தரப் போசி இல்லாததால் எதைப் போட்டுத் தருவது என்றும் தெரியவில்லை.

மாற்றல் உத்தரவு வந்தது அடுத்த கோடையில். சாமான்களை லாரியில் ஏற்றிய அன்று நான் ஒரு முடிவோடு சரிவில் இறங்கினேன். மூன்று வருடத்தில் அந்த வீட்டு வாசல் வரை எத்தனையோ தரம் போயிருக்கிறேன், உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. உள்ளே போனேன். ரேடியோ அலமாரியில் இருந்தது, சிவப்புப் புள்ளியோடு. அக்கா தானியம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சோறு போடுங்க. சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

அவள் புடைப்பதை நிறுத்தினாள். "சாமச்சோறுதானுங்க இருக்குது. பலாக்கொட்டக் குழம்பு."

"அதான் வேணும்."

முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். அலமாரியின் மேல்தட்டில், மகளுக்கென்று எடுத்து வைத்த ஏதோ பொருள்களுக்கு நடுவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நான் கொடுத்த சந்தன சோப்பு. மகள் கல்யாணமாகிப் போனபோதுகூட அதை அவளோடு அனுப்பவில்லை. காகிதம்கூடப் பிரிக்கவில்லை. என் கண்ணெதிரில் அதைப் பிரித்தாள். வாசலில் தண்ணீர்க் குழாயருகே உட்கார்ந்து, முழங்கைவரை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடி சோப்புப் போட்டாள். தேங்காய் நாரை எடுத்து ஒவ்வொரு நகமாகத் தேய்த்தாள்.

"அக்கா, வேண்டாம்கா" என்றேன். "அன்னைக்கு நான் பேசினது..."

"இருங்க டீச்சரம்மா, ஆயிருச்சு."

எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை. திங்கட்கிழமை காலையில் என் வகுப்பில் பிள்ளைகள் நகம் காட்டுவார்களே, அப்படி.

"செரியா இருக்குதுங்களா?" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் தலையாட்டினேன். அவள் அந்தக் கையால் சோற்றை அள்ளி இலையில் வைத்து, குழம்பு ஊற்றி, சற்றுத் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். நான் சாப்பிட்டேன். மேலே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடம் அவள் எனக்காக ஆக்கிக் கொண்டுவந்த சோற்றின் ருசி என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. அன்று நான் சாப்பிட்ட ஒவ்வொரு வாயிலும் என் சோப்புதான் மணந்தது.